விறகு இன்சர்ட் வாங்கப் போகிறீர்களா? புகைபோக்கியில் தொடங்குங்கள்

ஒட்டாவா பக்கம் பழைய வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்கு வீட்டோடு ஒரு செங்கல் ஃபயர்பிளேஸும் சேர்ந்து வந்துவிடுகிறது. முதல் குளிர்காலத்தில் ஆசை ஆசையாக நாலு கட்டை போட்டு எரிப்பார்கள். பார்க்க அழகு, முகத்தில் அனல், முதுகில் குளிர். விடிகாலையில் எழுந்து பார்த்தால் வீடு முன்பைவிடச் சில்லிட்டிருக்கும். திறந்த ஃபயர்பிளேஸின் இயல்பே அதுதான். எரியும் நேரமெல்லாம் அறையின் சூடான காற்றை அள்ளிப் புகைபோக்கி வழியாக வெளியே தள்ளும். அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்கிலும் கதவு இடுக்கிலும் வெளிக்குளிர் நுழையும். விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு வீட்டுக்குள் தங்கினாலே பெரிய விஷயம்.

இன்சர்ட் என்பது அந்தச் செங்கல் குழிக்குள் நுழைத்து வைக்கும் மூடிய இரும்பு அடுப்பு. கண்ணாடிக் கதவு இருக்கும், காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு கைப்பிடி இருக்கும். இன்று விற்கும் நல்ல இன்சர்ட்கள் விறகின் வெப்பத்தில் 65 முதல் 80 சதவீதம் வரை வீட்டுக்குள் தருகின்றன. நாங்கள் அதை வாங்க முடிவு செய்ததற்குக் காரணம் கரண்ட். 2022 மே 21 அன்று ஒன்டாரியோவையும் கியூபெக்கையும் புரட்டிப் போட்ட டெரேச்சோ புயலில் எங்கள் தெருவில் பல நாள் மின்சாரம் இல்லை. மே மாதம் என்பதால் குளிர் படுத்தவில்லை. 2023 ஏப்ரல் 5 உறைமழையில் மறுபடியும் போனது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் எரிவாயுவில் ஓடினாலும் அதன் விசிறிக்குக் கரண்ட் வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர் 1998 ஜனவரி உறைமழையை இங்கேயே இருந்து பார்த்தவர். அப்போது வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த வீடுகளைப் பற்றி அவர் சொல்லக் கேட்ட பிறகு, கரண்ட் இல்லாமலும் ஓர் அறையாவது சூடாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மனைவிக்கும் இரண்டாவது கருத்தே இல்லை.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கடையில் தொடங்குகிறார்கள். கடையில் எல்லா அடுப்பும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் எந்த அடுப்பு உங்கள் வீட்டில் ஒழுங்காக எரியும் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் புகைபோக்கியும், உங்களுக்குக் கிடைக்கும் விறகும்தான். அடுப்பின் மாடல் அதற்கெல்லாம் பிறகு. நான் இந்த வரிசையில்தான் போனேன், இதே வரிசையில்தான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

முதல் கேள்வி: உங்களுடையது நிஜமான செங்கல் ஃபயர்பிளேஸா, அல்லது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்திய தகரப் பெட்டியா? 1970களுக்குப் பிறகு கட்டிய வீடுகள் பலவற்றில் முன்பக்கம் செங்கல் ஒட்டியிருக்கும், உள்ளே தகரம்தான். கண்டுபிடிப்பது சுலபம். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பக்கச் சுவர் உலோகமா, மேலே வட்டமான உலோகக் குழாய் தெரிகிறதா, முன்பக்கம் காற்று போகும் கம்பி இடுக்குகள் உண்டா, தயாரிப்பாளர் பெயருடன் ஒரு தகடு உண்டா என்று பாருங்கள். தெருவில் நின்று கூரையைப் பார்த்தாலும் தெரியும்: செங்கல் தூணுக்குப் பதில் மரச்சட்டப் பெட்டிக்குள்ளிருந்து உலோகக் குழாய் எட்டிப் பார்க்கும். இந்தத் தகரப் பெட்டி ஃபயர்பிளேஸில் நினைத்த இன்சர்ட்டை எல்லாம் வைக்க முடியாது. பெட்டியின் தயாரிப்பாளர், இன்சர்ட்டின் தயாரிப்பாளர் இருவரின் கையேடும் ஒத்துக்கொள்ள வேண்டும். சுற்றிலும் மரச்சட்டம் இருக்கிறது, சூடு அளவு மீறினால் சுவருக்குள்ளேயே தீப்பிடிக்கும். எங்கள் வீட்டில் இருந்தது நிஜச் செங்கல். அதனால் வேலை சுலபமானது.

அடுத்து ஆய்வாளர். கனடாவில் விறகு அடுப்பு, புகைபோக்கி வேலை தெரிந்தவர்களுக்குப் பயிற்சியும் சான்றும் தருவது வெட் (WETT) என்ற அமைப்பு. பெரும்பாலான வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் வெட் சான்றுபெற்ற ஆளின் அறிக்கையைக் கேட்கும். கடைக்காரர் அனுப்பும் ஆளை நம்பாமல் நாங்களே தனியாக ஒருவரைக் கூப்பிட்டோம். விற்பனையில் பங்கில்லாதவர் சொல்லும் பேச்சுக்குத் தனி மதிப்பு உண்டு.

அவர் ஒரு நீண்ட கம்பியின் முனையில் கேமராவைக் கட்டி உள்ளே ஏற்றி, திரையில் எனக்குக் காட்டினார். மேலே போகப் போக, புகைபோக்கிக்குள் பதித்திருக்கும் களிமண் ஓடுகளின் உட்பக்கம் கறுப்பாகப் பளபளத்தது. வெறும் கரி என்றுதான் நினைத்தேன். டாம்பருக்கு, அதாவது புகைபோக்கியின் வாயைத் திறந்து மூடும் தகட்டுக்கு, மேலே கை எட்டும் இடத்தில் ஓர் ஆணியால் கீறிக் காட்டினார். கரி உதிரும். இது உதிரவில்லை, தார் காய்ந்து கெட்டியான மாதிரி ஆணி வழுக்கியது. கிரியோசோட் என்பார்கள். ஈர விறகின் புகை, குளிர்ந்த புகைபோக்கியில் ஒட்டிப் படிந்து இறுகியது. பழைய வீட்டுக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பச்சை விறகை எரித்திருக்கிறார்கள். இது தீப்பற்றினால் 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும், ஓடு வெடிக்கும். எங்கள் ஓடுகளில் இரண்டு இடத்தில் இணைப்பு விரிசல் விட்டிருந்தது. அதையும் பெரிதாக்கிக் காட்டினார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு லைனர் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை.

லைனர் என்பது புகைபோக்கிக்குள் மேலிருந்து கீழ்வரை இறக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய். ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். இன்சர்ட்டின் புகைவாய் பெரும்பாலும் 6 அங்குல வட்டம், அதன் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். எங்கள் ஓட்டின் உள்ளளவு 11க்கு 11, அதாவது 121 சதுர அங்குலம். நாலு மடங்குக்கும் மேல். திறந்த ஃபயர்பிளேஸ் ஏராளமான காற்றை அள்ளுவதால் அதற்கு அந்த அகலம் தேவை. இன்சர்ட் கொஞ்சமாகத்தான் புகை விடும், அந்தப் புகையும் திறந்த தீயின் புகை அளவுக்கு வெப்பத்தைக் கொண்டுபோகாது. கொஞ்சம் புகை, பெரிய குழாய், போதாததற்கு எங்கள் புகைபோக்கி வீட்டின் வெளிச்சுவரில் மூன்று பக்கமும் பனியில் நிற்கிறது. புகை பாதி வழியிலேயே குளிர்ந்து, வேகம் இழந்து, சுவரில் படியும். இழுப்பு குறையும், கதவைத் திறந்தால் வீட்டுக்குள் புகை வரும். 6 அங்குலக் குழாயில் அதே புகை சூடு ஆறாமல் விறுவிறுவென்று ஏறிவிடும்.

ஒரு கடையில் முழு லைனர் எதற்கு, அடுப்பிலிருந்து முதல் ஓடு வரை ஒரு துண்டுக் குழாய் வைத்தால் போதும், செலவு பாதி குறையும் என்றார்கள். பழைய காலத்தில் அப்படிச் செய்ததுண்டு. தயவுசெய்து அந்தப் பேச்சுக்கு மயங்காதீர்கள். லைனர் உச்சி வரை போக வேண்டும், அது யூ.எல்.சி. எஸ்635 தரச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும், வெளிச்சுவர்ப் புகைபோக்கி என்றால் சுற்றிலும் வெப்பக்காப்புப் போர்வையும் வேண்டும். போர்வை அரை அங்குலம் என்றால் 6 அங்குலக் குழாய் 7 அங்குலம் ஆகிவிடும். 8க்கு 12 என்று சொல்லப்படும் ஓட்டின் உள்ளளவு 7 அங்குலத்துக்கும் குறைவு, ஆகவே உருண்டைக் குழாய் இறங்காது. முட்டை வடிவக் குழாய் போடுவார்கள், அல்லது ஓட்டை உடைத்து எடுப்பார்கள். விலை கேட்பதற்கு முன் உங்கள் ஓட்டின் உள்ளளவைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். உயரமும் முக்கியம். பல கையேடுகள் குறைந்தது 15 அடி கேட்கின்றன. கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடி, 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எந்தக் கூரைப் பகுதியையும்விட 2 அடி கூடுதலாக உச்சி இருக்க வேண்டும். ஒரே மாடி வீட்டுக்காரர்கள் இதைக் கட்டாயம் அளந்து பார்க்க வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயத்தைக் கடைகளில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. லைனர் டாம்பர் வழியாகப் போகும்போது அதைச் சுற்றி இடைவெளி இருக்கும். அதை அப்படியே விட்டால் அடுப்பின் சூடு மேலே போய்ச் செங்கல் தூணைச் சூடாக்கி வெளியே வீணாகும். அந்த இடைவெளியை ஒரு இரும்புத் தகடு வெட்டி மூட வேண்டும், தகட்டுக்கு மேலே ராக்வூல் என்ற, சூடு தாங்கும் பாறைப் பஞ்சை அடைக்க வேண்டும். கூரை இன்சுலேஷனுக்குப் போடும் இளஞ்சிவப்புக் கண்ணாடி நார் இந்தச் சூட்டுக்கு ஆகாது. எங்களுக்கு வந்த முதல் கொட்டேஷனில் இந்தத் தகடு இல்லை. அதைத் தனி வரியாக எழுதித் தரச் சொல்லி வாங்கினேன். மொத்தச் செலவில் மிகச் சின்னத் தொகை அது. வெளிச்சுவர்ப் புகைபோக்கி உள்ளவர்களுக்கு அதைவிடப் பலன் தரும் வேலை வேறு இல்லை என்பேன்.

சரி, இப்போது அடுப்புக்கு வருவோம்.

அளவை விளம்பரத்தில் போட்டிருக்கும் சதுர அடிக் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2000 சதுர அடிக்குப் போதும் என்று எழுதியிருக்கும். எந்த ஊர்க் குளிருக்கு, எந்த வீட்டுக்கு என்று எழுதியிருக்காது. பார்க்க வேண்டியது விறகு எரியும் உள்ளறையின் கொள்ளளவு. ஒன்றரைக் கன அடி என்றால் சின்னது. மாலை நேரத்தில் ஓர் அறைக்குப் போதும். இரண்டு கன அடி நடுத்தரம். மூன்றுக்கு மேல் போனால் பெரிய வீட்டை இரவும் பகலும் சூடாக்க நினைப்பவர்களுக்கு. பெரியதாக வாங்கிவிட்டால் கவலையில்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பெரிய அடுப்பு அறையைக் கொதிக்க வைக்கும், நீங்கள் காற்றைக் குறைப்பீர்கள், தீ புகையும், கண்ணாடி கறுக்கும், கிரியோசோட் படியும். எங்கள் கூடத்துக்கும் சமையலறைக்கும் இரண்டு கன அடிக்குச் சற்று மேல் போதும் என்று தோன்றியது. இரண்டு குளிர்காலம் பார்த்துவிட்டேன், அது சரியான அளவுதான்.

கொள்ளளவோடு வடிவத்தையும் பாருங்கள். ஒன்டாரியோவில் விறகு பெரும்பாலும் 16 அங்குல நீளத்தில் வெட்டி விற்கிறார்கள். பல இன்சர்ட்களில் உள்ளறை அகலமாக இருக்கும், ஆழம் குறைவு. விறகைக் குறுக்காகத்தான் அடுக்க முடியும். குறுக்கே அடுக்கிய கட்டை எரிந்து சரியும்போது உருண்டு கண்ணாடியில் வந்து சாயும். முன்னும் பின்னுமாக நீட்டி வைக்க இடமிருந்தால் அந்தத் தொல்லை இல்லை, நிறையவும் அடுக்கலாம். இதற்காக நான் கடைக்குப் போகும்போது 16 அங்குல மேப்பிள் கட்டை ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுபோய், காட்சிக்கு வைத்திருந்த ஒவ்வொரு அடுப்பிலும் நீளவாக்கில் வைத்துப் பார்த்தேன். கதவு மூடாமல் போன மாடல்களை அங்கேயே கழித்துவிட்டோம். கடைக்காரப் பெண்மணிக்கு அது பிடித்துப் போய், பின்பக்கம் இருந்த மாடல்களையும் திறந்து காட்டினார்.

அப்புறம், சுவரோடு சமமாக உள்ளே அமரும் மாடலா, ஏழெட்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மாடலா? அழகுக்கு உள்ளே அமர்வதுதான். ஆனால் அது தன் சூட்டை வெளியே தள்ள விசிறியை நம்பியிருக்கிறது. கரண்ட் போனால் விசிறி நிற்கும், சூட்டில் பெரும்பங்கு செங்கலுக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே நீட்டியிருக்கும் மாடலின் மேல்தட்டும் முன்முகமும் விசிறி இல்லாமலே அறைக்குச் சூடு தரும். மேலே ஒரு பாத்திரம் வைத்துத் தண்ணீர் சுட வைக்கலாம், ரசம்கூடச் சூடு பண்ணிவிடலாம். கரண்ட் போகும் நாளுக்காகவே வாங்குகிறோம் என்பதால் நாங்கள் நீட்டியிருப்பதை எடுத்தோம். அழகு கொஞ்சம் குறைவு என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் வருத்தம் இல்லை. விசிறிச் சத்தத்தைக் கடையில் ஓடவிட்டுக் கேளுங்கள். சில மாடல்களில் அது ஓடினால் டிவி கேட்காது.

அடுத்த கேள்வி வினையூக்கி உள்ளதா, இல்லாததா என்பது. வினையூக்கி இல்லாத அடுப்பில் மேற்புறம் துளையிட்ட குழாய்கள் வழியாகச் சூடான காற்று இறங்கும். உள்ளே 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு ஏறினால் புகையே அந்த இடத்தில் பற்றி எரியும், உள்ளறையின் மேற்புறத்திலிருந்து நெருப்பு தொங்குவது கண்ணாடி வழியாகத் தெரியும். வினையூக்கி உள்ளதில் தேன்கூட்டுத் துளைகள் கொண்ட ஒரு தட்டு, சுமார் 260 டிகிரியிலேயே புகையை எரித்துவிடும். அதனால் தீயை மெல்ல, நீண்ட நேரம் ஓட்டலாம். ஆனால் அந்தத் தட்டு சில ஆண்டுகளில் தேயும், மாற்றச் செலவு உண்டு, சூடு ஏறிய பிறகு புகையை அதன் வழியே திருப்பிவிட வேண்டிய வேலையும் உண்டு. நாள் முழுக்க விறகிலேயே வீட்டை நடத்துகிறவர்களுக்கு வினையூக்கி நல்லது. எங்களைப் போல மாலையிலும் விடுமுறையிலும் எரிக்கிறவர்களுக்கு, கரண்ட் போன நாளில் மாமனாரும் இயக்க வேண்டிய வீட்டுக்கு, குழாய் அமைப்பே மேல். எதுவானாலும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (இ.பி.ஏ.) 2020 மே 15 முதல் நடைமுறைப்படுத்திய புகை வரம்புக்குள் இருப்பதை வாங்குங்கள். சோதனை முறையைப் பொறுத்து மணிக்கு 2 அல்லது 2.5 கிராம் நுண்துகள். மான்ட்ரியலில் 2018 அக்டோபர் 1 முதல் 2.5 கிராமுக்கு மேல் விடும் விறகு அடுப்பை எரிக்கத் தடை. மூன்று மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனால் மட்டுமே விலக்கு. மற்ற ஊர்களும் அந்த வழியில் போகலாம், வீட்டை விற்கும் நாளில் பழைய அடுப்பு ஒரு சுமையாகிவிடக் கூடாது.

பிராண்ட் பற்றி நிறைய சொல்ல எனக்கு ஆசையில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பசிபிக் எனர்ஜி, ரீஜென்சி, கியூபெக்கின் ஆஸ்பர்ன், ட்ரோலே எல்லாம் கனடாவிலேயே பேர் பெற்றவை. உள்ளே இருக்கும் சூடு தாங்கும் செங்கல், கதவைச் சுற்றிய கயிறு, மேல்தடுப்பு இவை தேயும் பொருட்கள். அவற்றைப் பக்கத்து ஊரில் வாங்க முடியுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நம் வீடுகளுக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. தாளிக்கும்போதும் மீன் வறுக்கும்போதும் சமையலறை எக்ஸாஸ்டை முழு வேகத்தில் ஓடவிடுவோம். அது வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும்போது வீட்டுக்குள் அழுத்தம் குறையும், குறைந்த அழுத்தத்தை நிரப்பப் புகைபோக்கி வழியாகவே காற்று கீழே இறங்கப் பார்க்கும். ஆய்வாளர் அடுப்பு வைப்பதற்கு முன்பே இதைச் சோதித்துக் காட்டினார். எக்ஸாஸ்டை உச்சத்தில் வைத்து, ஃபயர்பிளேஸ் வாயில் ஓர் ஊதுபத்தியைப் பிடிக்கச் சொன்னார். பூஜை அறையிலிருந்து எடுத்து வந்து பிடித்தேன். புகை மேலே போகாமல் நேராக என் முகத்துக்கு வந்தது. சமையலறை ஜன்னலை இரண்டு அங்குலம் திறந்ததும் மேலே திரும்பியது. உங்கள் வீட்டிலும் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள், காசு செலவில்லை. நாங்கள் இன்சர்ட்டுக்கு வெளிக்காற்றுக் குழாய் வைக்கும் வசதி உள்ள மாடலாகப் பார்த்தோம், தாளிக்கும்போது ஜன்னலைத் திறப்பதும் பழக்கமாகிவிட்டது. அடித்தள அறையில் ஃபயர்பிளேஸ் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் கூடும். குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று மேலே ஏறி ஏறி, கீழ்த்தளத்தில் எப்போதும் அழுத்தம் குறைவாகவே இருக்கும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஒரு நாள்கூட எரிக்காதீர்கள். விறகோ எரிவாயுவோ எரியும் ஒன்டாரியோ வீடுகளில் படுக்கையறைப் பக்கமும், 2026 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு தளத்திலும் அதை வைப்பது சட்டம். ஃபயர்பிளேஸ் இருக்கும் தளத்திலும் ஒன்று வைத்திருக்கிறோம்.

விறகைப் பற்றிப் பேசாமல் அடுப்பைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இன்சர்ட்டும் ஈர விறகில் படுத்துவிடும். 15 கிலோ விறகு அடுக்குகிறீர்கள் என்று வையுங்கள். அதன் எடையில் 40 சதவீதம் ஈரம் என்றால் 6 லிட்டர் தண்ணீரை முதலில் ஆவியாக்கிவிட்டுத்தான் உங்களுக்குச் சூடு தரும். புதிய அடுப்புகளுக்கு ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். "நன்றாகக் காய்ந்தது" என்று சொல்லி அக்டோபரில் விற்கும் விறகு பெரும்பாலும் அந்த வசந்தத்தில் வெட்டியது.

எங்களுக்கு முதல் லோடு வந்து இறங்கியபோது ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். திண்டுக்கல் பக்கம் கல்யாணமான நாளிலிருந்து விறகடுப்பில் சமைத்தவர். நான் ஈரம் அளக்கும் மீட்டரைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் கம்பளிக் கோட்டோடு வெளியே வந்து, குவியலிலிருந்து இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். "டொப்" என்று ஒலித்தது. "இது இன்னும் ஈரம்டா. சத்தமே எழும்பல பாரு" என்றார். பிறகு அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் வெடிப்பு விட்ட இரண்டை உருவித் தட்டினார். கணீரென்று வந்தது. நான் இரண்டு வகையையும் கோடாலியால் பிளந்து, புதிதாகத் திறந்த நடுப்பக்கத்தில் மீட்டரின் ஊசியைக் குத்தினேன். முதல் வகை 31 சதவீதம், இரண்டாவது 18. வெளித்தோலில் குத்தினால் எல்லாமே காய்ந்ததாகத்தான் காட்டும், பிளந்துதான் அளக்க வேண்டும். அந்த லோடில் மேப்பிளும் ஆஷும் கலந்திருந்தன. காய்ந்தது ஆஷ். அந்த மரம் வெட்டும்போதே ஈரம் குறைவு. போதாததற்கு, எமரால்டு ஆஷ் போரர் என்ற வண்டு 2008இல் ஒட்டாவாவுக்கு வந்ததிலிருந்து நின்றபடியே செத்த ஆஷ் மரங்கள் ஏராளம். வருந்த வேண்டிய விஷயம்தான். ஆனால் விறகு வாங்குகிறவருக்கு அவசரத்துக்கு எரிக்கக் கிடைப்பதில் ஆஷே நல்லது. மேப்பிளுக்கு ஒரு முழு வெயில்காலம், ஓக்குக்கு இரண்டு வேண்டும். அந்த வண்டு பெரும்பாலும் விறகோடுதான் ஊர்விட்டு ஊர் பரவியது, ஆகவே காட்டேஜிலிருந்து காரில் விறகு ஏற்றி வராதீர்கள். அந்தந்த ஊரில் வாங்கி அங்கேயே எரியுங்கள்.

அளவிலும் விழிப்பு வேண்டும். விறகை இங்கே கார்டு (cord) என்ற அளவில் விற்பார்கள். முழு கார்டு என்பது 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம், மொத்தம் 128 கன அடி. ஃபேஸ் கார்டு என்று விற்பது 4 அடி உயரம், 8 அடி நீளம், ஒரே வரிசை. 16 அங்குலக் கட்டை என்றால் முழு கார்டில் மூன்றில் ஒரு பங்கு. வெறும் "கார்டு" என்று சொல்லி ஃபேஸ் கார்டை இறக்குவது சகஜம். எது என்று கேட்டு, கட்டையின் நீளத்தையும் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். வாங்குவது ஏப்ரல் மே மாதத்தில் இருக்கட்டும். பலகைச் சட்டத்தின் மேல் மண்ணில் படாமல் ஒற்றை வரிசையாக, காற்று அடிக்கும் பக்கம் பார்த்து அடுக்குங்கள். மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்களையும் தார்ப்பாயால் போர்த்தினால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

பெர்மிட், காப்பீடு இரண்டும் அடுப்பு வரும் முன்னே முடிய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு ஃபோன் செய்து, எந்த அறிக்கை வேண்டும், கட்டணம் கூடுமா என்று எழுத்தில் வாங்குங்கள். சில நிறுவனங்கள் விறகு அடுப்பு என்றாலே விலகிவிடும். பொருத்துவதற்கான கனடா விதி சி.எஸ்.ஏ. பி365. கதவுக்கு முன்னே 18 அங்குலம், பக்கங்களில் 8 அங்குலம் எரியாத தரை வேண்டும். நீட்டியிருக்கும் மாடலை எடுத்தால் இந்த 18 அங்குலம் அடுப்பின் முகத்திலிருந்து கணக்கு, பழைய செங்கல் மேடை போதாமல் போகலாம். எங்களுக்குப் போதவில்லை, முன்னால் ஒரு கல்தளம் சேர்த்தோம். மேலே மரத்தாலான மாடப்பலகை இருந்தால் அதற்கும் அடுப்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று அந்த மாடலின் கையேட்டிலேயே பாருங்கள், மாடலுக்கு மாடல் மாறும். லைனர், போர்வை, தகடு, கூலி எல்லாம் சேர்த்தால் அடுப்பின் விலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும் என்று முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எரிக்கத் தொடங்கிய பிறகு பிடிபட்ட ஒன்று. கூடம் 24 டிகிரியில் இருக்கும், பிள்ளைகளின் அறை 16இல் நடுங்கும். ஃபர்னஸின் தெர்மோஸ்டாட் கூடத்தில் இருப்பதால் வீடே சூடாக இருக்கிறது என்று அது ஓடாமல் நின்றுவிடும். கூடத்துச் சூட்டை விசிறியால் நடைக்குத் தள்ளுவதைவிட, நடையின் தரையில் ஒரு சின்ன விசிறியை வைத்து அங்கிருக்கும் குளிர்காற்றைக் கூடத்துக்குத் தள்ளுவது நன்றாக வேலை செய்கிறது. கீழே குளிர் வர, மேலே சூடு தானே நடைக்குப் போகிறது. கடும் குளிர் நாட்களில் ஃபர்னஸின் விசிறியை மட்டும் தனியாக ஓடவிடுகிறோம். அடித்தளத்துத் தண்ணீர்க் குழாய்களுக்கும் அது பாதுகாப்பு.

வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தையோ, மூச்சுத் தொல்லை உள்ள பெரியவரோ இருந்தால் விறகைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. எவ்வளவு சுத்தமான அடுப்பும் கதவைத் திறக்கும்போது கொஞ்சம் விடும், பற்றவைக்கும் முதல் இருபது நிமிடம் புகைபோக்கியிலும் விடும். எரிவாயு இன்சர்ட் வைத்துக்கொள்ளலாம், பேட்டரியில் பற்றும் மாடல்கள் கரண்ட் இல்லாமலும் எரியும். பக்கத்து வீட்டை நினைத்துத்தான் நானும் பற்றவைத்த அரை மணியில் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்க்கிறேன். உச்சியில் புகை தெரியாமல் வெறும் அனல் அலைய வேண்டும். புகை தெரிந்தால் காற்றைக் கூட்டிவிடுகிறேன்.

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில்தான் எடுக்க வேண்டும். உள்ளே தணல் நாலு நாள்கூட உயிரோடு இருக்கும். வாளியை மர டெக்கில் வைக்காமல் கான்கிரீட்டில், வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள். புகைபோக்கி சுத்தம் செய்பவரை ஜூனில் கூப்பிட்டுவிடுவோம். அக்டோபரில் அவர்களைப் பிடிக்கவே முடியாது, பழுது ஏதும் தெரிந்தால் சரிசெய்ய வெயில்காலம் முழுவதும் கையில் இருக்கும். போன ஜூனில் லைனரிலிருந்து தள்ளி எடுத்தது ஒரு சின்னக் கிண்ணம் அளவு பழுப்புத் தூள், விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. மேல் மூடியின் கம்பி வலையில் மட்டும் கொஞ்சம் கறுப்பு ஒட்டியிருந்தது, அது பற்றவைக்கும் நேரப் புகை என்றார். இப்போது சுள்ளியை அடியில் வைக்காமல் கட்டைகளின் மேலே வைத்து மேலிருந்து பற்றவைக்கிறோம். முதல் புகை பாதிக்குமேல் குறைந்திருக்கிறது.